முதலாளி வைத்த எலுமிச்சம்பழம்

சங்ககிரி லாரி முதலாளி சென்னியப்பனுக்கு வாய் பெரிசு. மலைப்பாதையில் அவர் லாரி கவிழ்ந்து டிரைவர் செத்தபோது, "பிரேக்கெல்லாம் ஜோர், அவன் தூங்கிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். லாரியைத் தட்டி நிமிர்த்தி, ஷெட்டின் சரிவில், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மறுபடி நிறுத்தினார்.

செத்தவன் பெண்டாட்டி பாவாயி ஹெவி லைசென்ஸுக்கு லாரி ஓட்டிப் பழக அங்கேயே வந்தாள். வண்டியை எடுக்குமுன் டயர், விளக்கு, பிரேக் எல்லாம் சோதிப்பதும் அந்தப் பரீட்சையில் உண்டு. அதே லாரியின் அடியில் படுத்துப் பார்த்தவள், "பிரேக்குல காத்து கசியுதுங்க" என்றாள்.

"எனக்கே பாடமா? வண்டியை எடு, இல்ல நடையைக் கட்டு!"

"எடுக்கறனுங்க. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் மட்டும் உங்க கையால வெச்சிருங்க."

முன்சக்கரத்தடியில் அவர் குனிந்தார். மேலே சீட்டில் இருந்து பாவாயி சொன்னாள்: "பின்சக்கரத்துக் கட்டையை எடுத்தாச்சுங்க. வண்டி உங்க பிரேக்குலதான் நிக்குது."

வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஓடினார் சென்னியப்பன். லோடு ஏற்றுகிறவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பாவாயி இறங்கினாள். சிரிக்கவில்லை. கட்டை சக்கரத்தடியில் அப்படியேதான் இருந்தது.

"என் வீட்டுக்காரர் தூங்கலீங்க" என்றாள்.