சிவப்பு சுவிட்சும் ஈரத்துணியும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அதன் தாளாளர் பொன்னுத்துரைக்குத் தெரியாத சங்கதி உலகத்திலேயே கிடையாது, அவரே சொல்லியிருக்கிறார். ஒருநாள் புதுக் கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த சிவப்பு சுவிட்சை 230 வோல்ட்டிலிருந்து 115-க்குத் தள்ளி, "பாதி கரண்டு மிச்சம்" என்று பொத்தானை அமுக்கினார். டமார்! ஒரே புகை.

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தவள் மாடத்தி. "ஈரத்துணியை உதறி மிஷினைக் கொன்னுட்டியே! நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்று தாளாளர் கூச்சல் போட்டு வாத்தியார்களைக் கூட்டிவிட்டார். நடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

மெக்கானிக் செல்வின் வந்தான். "எது செத்தது, எது பிழைச்சதுன்னு ஒவ்வொரு பாகமா நல்ல கம்ப்யூட்டர்ல மாட்டித்தான் பார்க்கணும்" என்றான். நல்லதாக இருந்தது தாளாளர் அறையில் இருந்த கம்ப்யூட்டர்தான். எல்லோரும் அங்கே போனார்கள்.

மாடத்தி பவ்வியமாகக் கேட்டாள்: "ஐயா, அந்த மிஷின்ல சிவப்பு சுவிட்ச் அந்தப் பக்கம் தள்ளியிருக்கு. இதுல இந்தப் பக்கம் இருக்கே. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு இதையும் தள்ளிரட்டுமா?"

"அடியே, தொடாதே! இதுவும் வெடிச்சிரும்!" தாளாளர் பாய்ந்து வந்து மிஷினைக் கட்டிக்கொண்டார்.

"இதுவுமா ஐயா? அப்போ அது வெடிச்சது என் ஈரத்துணியால இல்லையா?"

வாத்தியார்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் கூரையைப் பார்த்தார்கள். செல்வின் பாகங்களை மாட்டிப் பார்த்துவிட்டு, "பவர் சப்ளை மட்டும்தான் போச்சு. மத்ததெல்லாம் உயிரோட இருக்கு" என்றான்.

"என் வேலை, ஐயா?" என்றாள் மாடத்தி, துணியைப் பிழிந்துகொண்டே.

"அதுவும் உயிரோடதான் இருக்கு" என்றார் தாளாளர், சுவரைப் பார்த்து.