மஞ்சத்துணி முடிச்சு

ஒரு ஊர்ல ஒரு மஞ்சத்துணி முடிச்சு இருந்துச்சாம் கண்ணு. உள்ள பதினோரு வெள்ளிக்காசு. மயிலாத்தான்னு ஒருத்தி, அதை அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தா. அவ மகனுக்கு அம்மை போட்டு, கண்ணே தெறக்காம கெடந்தப்போ, "முருகா, இவனைப் பொழைக்க வச்சிரு, மலையேறி வந்து உன் உண்டியல்ல போடறேன்"னு முடிஞ்சு வச்ச காசு. பையன் பொழைச்சுட்டான். தை மாசம் மலைக்குப் போகணும். ம் சொல்லு.

அந்த அம்மை நாள்ல யாரும் அவ வாசலை மிதிக்கல. பக்கத்து வீட்டுப் பூவாத்தா மட்டும்தான் வந்தா. பாவம், புருஷன் இல்லாத தனிக்கட்டை. தெனமும் கூழு கரைச்சுக் கொண்டாந்து, வேப்பிலையால பையனுக்கு விசிறிவிட்டா.

அப்புறம் அந்த வருஷம் மழை இல்ல, கூலி வேலையும் இல்ல. ஒரு நாள் டொக் டொக்குன்னு கதவு. பூவாத்தா நின்னா.

"மயிலக்கா, ரெண்டு நாளா அடுப்பு எரியல. ஒரு காசு இருந்தாக் குடேன்."

மயிலாத்தா பானைக்குள்ள கையை விட்டா. அரிசி ஒரு பிடிதான். முடிச்சு சலங்குன்னுச்சு.

"இது சாமி காசு பூவு. அவுத்தா தெய்வக்குத்தம், பையனுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

தன் கஞ்சியில பாதியை ஊத்திக் குடுத்தா. கல்நெஞ்சுக்காரி இல்ல கண்ணு அவ. பயந்தவ. தூங்கிட்டியா? ம், கேளு.

அப்புறம் பத்து நாள் கழிச்சு மறுபடி டொக் டொக். லொக்கு லொக்குன்னு இருமல்.

"வைத்தியர் மருந்துக்கு மூணு காசு கேக்கறாருக்கா."

மயிலாத்தா முடிச்சை வெளியவே எடுத்துட்டா. நகத்தை வச்சா. அப்போ பார்த்து வாசல்ல பையன் சிரிச்சான். சலங்குன்னு மறுபடி பானைக்குள்ளயே போட்டுட்டா.

"தை பொறக்கட்டும் பூவு. எப்பாடுபட்டாவது தர்றேன்."

"சரிக்கா"ன்னா பூவாத்தா. கோவமே படல. கோவப்பட்டிருந்தாத் தேவலை.

அப்புறம் மூணாவது தடவை டொக் டொக். பூவாத்தா இல்ல, ஊர்க்காரர் ஒருத்தர்.

"பூவாத்தா போயிட்டா தாயி. கோடித்துணி வாங்கக்கூட அங்க ஒண்ணுமில்ல."

கோடின்னா, செத்தவங்களுக்குப் போத்துற புதுத்துணி. மயிலாத்தா முடிச்சை எடுத்தா. ஒரே இழுப்புல அவுந்துருச்சு. பதினோரு காசையும் அவர் கையில கொட்டினா.

அப்புறம் ராவும் பகலும் பையன் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. ஒண்ணுமே ஆகல. தை பொறந்துச்சு, அப்பவும் குதிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். அதைப் பார்த்துத்தான் அவ அப்படி அழுதா.

வெறும் துணியை எடுத்துக்கிட்டு மலை ஏறினா. "ரெண்டு தடவை என் வாசலுக்கே வந்து கேட்டியே முருகா. நீதான்னு தெரியாம அனுப்பிட்டேனே"ன்னு சொல்லி, அந்தத் துணியை உண்டியல்ல போட்டா.

துணிதானே கண்ணு. சத்தமே வரல.

கதை மலையிறங்கிருச்சு. நீ கண்ணை மூடிக்கோ.