படகின் பின்னால் நான்கு சுழிகள்

கழிமுகத்தை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் துடுப்புப் படகு அணி தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. படகுக் கொட்டகையின் சுவரில் ஒரு தேக்குப் பலகை. அதில் ஒவ்வோர் ஆண்டின் அணித்தலைவன் பெயரும் பொன்னெழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம். படத்தில் ஏழு பேர். கீழே பெயர் ஐந்து. பெயரில்லாத இருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் போனான். துடுப்புப் போடுகிறவன் கால் நனையாமல் ஏறி, கால் நனையாமல் இறங்கும் வழக்கம் போகவில்லை. படகைச் சுமந்தவர்கள் ஆற்றுமுகத்துக் குப்பத்துக்காரர்கள். எழுபதுகளில் அவர்கள் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் மாணவர்கள் தங்கள் படகைத் தாங்களே சுமந்தார்கள். இன்று அதையே "நம்ம அணியோட மரபு" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். வேலைநிறுத்தம் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி கிடையாது.

அந்தக் குப்பத்திலிருந்து துடுப்புப் பிடிக்க வந்த முதல் ஆள் மரியசூசை.

அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு நால்வர் படகு ஒன்று போக வேண்டும். அணித்தலைவன் நந்தகோபன், அவனுடைய நண்பர்கள் கதிரேசன், டேனியல் ஆகிய மூவருக்கும் இடம் உறுதி என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்காவது இடத்துக்கு இருவர். ஒருவன் மரியசூசை. இன்னொருவன் ரோஹித். ரோஹித்தின் தாத்தா பெயர் பலகையில் இருந்தது.

போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். மரியசூசைக்கு இது கடைசி ஆண்டு.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை உண்டு. இரண்டு படகுகள் பந்தயம் விடும். பிறகு ஆற்று நடுவில் இரண்டையும் அணைத்து நிறுத்தி, ஒரே ஓர் ஆளை மட்டும் இங்கும் அங்கும் மாற்றுவார்கள். மறுபடி பந்தயம். எவன் ஏறிய படகு வேகமாகப் போகிறதோ அவனுக்கு இடம்.

இரண்டு நாள் சோதனை நடந்தது. நந்தகோபனின் படகு மரியசூசை ஏறியபோதெல்லாம் தோற்றது. ரோஹித் ஏறியபோதெல்லாம் வென்றது. இரண்டு நாளும் பயிற்சியாளர் தங்கபுஷ்பம் மோட்டார் படகில் பின்னாலேயே வந்தார். இரண்டு நாளும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"மறுபடியும்."

மூன்றாம் நாள் காலை படகைத் தோளில் சுமந்து இறங்கும்போது சுபைதா சீண்டினாள். அவள்தான் சுக்கான் பிடிப்பவள். பின்பக்கம் பார்த்துத் துடுப்புப் போடும் நால்வருக்கும் எதிரே முன்பக்கம் பார்த்து உட்காருகிறவள் அவள் ஒருத்தி மட்டுமே.

"கேப்டன், நேத்து உனக்கு வேர்க்கவே இல்லையே. பவுடர் போட்டுட்டு வந்தியா?"

"உன் வேலையைப் பாரு."

"அதத்தான் பார்த்தேன். படகு ஒரு பக்கமாவே ஓடுது. சுக்கானை இழுத்துக் கை வீங்கிப் போச்சு. சூசை ஒருத்தன்தான் இழுக்கறான் போல."

மரியசூசை படகின் எடையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

நந்தகோபன் படகை இறக்கிவிட்டு நேரே பயிற்சியாளரிடம் போனான். அவர் மோட்டாருக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கோச், ரெண்டு நாளும் ஒரே முடிவு. மதியம் பட்டியல் குடுக்கணும். இன்னும் எதைப் பார்க்கணும்?"

"நீ எதைப் பார்த்தே?"

"நான் படகுலதானே இருக்கேன். எல்லாம் பார்த்துட்டுதான் இருக்கேன்."

"உன் எதிர்ல என்ன தெரியும்?"

"சுபைதா மூஞ்சி தெரியும்."

"அது போதாது. இன்னைக்கு இங்க உட்காரு."

அவனுடைய இடத்தில் மாற்று ஆள் ஒருவன் ஏறினான். மரியசூசை முன்முனையில். நடுவில் கதிரேசனும் டேனியலும். ரோஹித் எதிர்ப் படகில். பயிற்சியாளர் கையை இறக்கினார். இரண்டு படகுகளும் பாய்ந்தன. மோட்டார் படகு பின்தொடர்ந்தது.

மூன்று ஆண்டுகளில் நந்தகோபன் தன் அணியைப் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை.

துடுப்பு தண்ணீரை விட்டு எழும்போது அங்கே ஒரு சுழி விழும். படகு போய்விடும். சுழி சற்று நேரம் நிற்கும். நான்கு துடுப்புக்கு நான்கு சுழி, மோட்டார் படகுக்கு நேர் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

ஒன்று ஆழமாக, கருப்பாக, இவர்கள் கடந்து போன பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அது மரியசூசையுடையது. மாற்று ஆளின் சுழி சிறியது. ஆனாலும் உருத் தெரிந்தது. மற்ற இரண்டும் கரண்டியால் டீ கலக்கியதுபோல் நுரைத்து, உடனே அழிந்தன.

நந்தகோபனுக்குக் காரணம் தெரியும். மூவரும் விடுதி அறையில் பேசி வைத்தது அது. ரோஹித் அவர்களோடு மூன்று ஆண்டாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவன். மரியசூசை ஏறும்போது கொஞ்சம் தளர்த்தினால் போதும். சின்ன விஷயம்தான். யாருக்கும் தெரியாது. ரோஹித்துக்கே தெரியாது.

அவன் பயிற்சியாளரை ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றும் முந்தாநாளும் இதே இடத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

முந்நூறு மீட்டர் தாண்டியது. எதிர்ப் படகு அரைப் படகு நீளம் முன்னால். மரியசூசையின் கழுத்து நரம்பு இங்கிருந்தே தெரிந்தது. அவனுடைய சுழி மட்டும் சிறுக்கவே இல்லை. படகு மெதுவாகப் போவதற்குத் தான்தான் காரணம் என்று நினைத்து அவன் இழுத்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அப்படித்தான் நினைத்திருப்பான்.

இருவருக்கும் நடுவே ஒலிபெருக்கி கிடந்தது. நந்தகோபன் அதை எடுத்தான்.

"கதிரேசா! டேனி! போதும்டா! நாம பண்ணது போதும்! இழுங்கடா!"

குரல் தண்ணீர் முழுவதும் பரவியது. பாலத்தில் சைக்கிளை நிறுத்தி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

டேனியலின் துடுப்பு ஒருமுறை தடுமாறியது. பிறகு கதிரேசன் குனிந்தான், டேனியல் குனிந்தான். படகு தண்ணீரிலிருந்து சற்று எழுந்ததுபோல் இருந்தது.

"அப்படிப் போடு!" என்று சுபைதா கத்தினாள். "இப்பதான்டா இது படகு!"

நந்தகோபன் எல்லைக் கம்பத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தான். நான்கு சுழிகளும் கருப்பாக வந்தன.

பந்தயம் முடிந்து படகுகள் நின்றன. எதிர்ப் படகிலிருந்து ரோஹித் மூச்சு வாங்கியபடியே கேட்டான்.

"என்ன போதும்? டேய் கதிரேசா, என்ன பண்ணீங்க? உன்னைத்தான் கேக்கறேன்!"

கதிரேசன் தலை நிமிரவில்லை. மரியசூசை துடுப்பின் மேல் கவிழ்ந்திருந்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து, முன்னால் இருந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தான். அப்புறம் அவற்றுக்கு அப்பால் மோட்டார் படகைப் பார்த்தான். நந்தகோபன் கண்ணைத் தாழ்த்தாமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

பயிற்சியாளர் மோட்டாரை நிறுத்தினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் கோச்?"

"முதல் நாள். முதல் நூறு மீட்டர்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவன் யோசித்தான். "இல்லைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த தாளை எடுத்து அவனிடம் நீட்டினார். மதியம் கொடுக்க வேண்டிய பட்டியல். தேதி முந்தாநாளுடையது. முதல் வரியில் மரியசூசை. இரண்டாம் வரியில் சுபைதா. அதற்குக் கீழே மூன்று வரிகளும் காலி.

"அப்ப இந்த மூணு நாள் சோதனை அவனுக்கு இல்லையா?"

"அவனுக்கு எதுக்கு?"

நீரோட்டம் மோட்டார் படகை மெல்ல நால்வர் படகின் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

பயிற்சியாளர் தாளை வாங்கி மடித்து வைத்தார்.

"மூணு பேரைத் தேடிட்டு இருக்கேன். ஒருத்தன் இப்பதான் கிடைச்சான். மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. போய் மத்த ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."