படலங்கள் ஒட்டிக்கொண்ட குளிர்

தங்கதுரை ஆராய்ச்சி மாணவர்தான், ஆனால் வயது நாற்பத்தாறு. கல்லூரியில் இருபது வருடம் இயற்பியல் நடத்திவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர்.

அன்று அவர் விடுப்புக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"நாளைக்குக் குடும்ப நீதிமன்றம், மேடம். செண்பகம் விவாகரத்து கேக்குறா. நானும் கையெழுத்துப் போடணும்."

"என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமே இல்ல. அதுதான் புரியல. பையன் இறந்து மூணு வருஷம் ஆச்சு. அன்னியிலேர்ந்து ஒரு சண்டை கிடையாது. எங்க போனாலும் ஒண்ணாத்தான் போறோம். இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்க எதுக்கு மேடம் பிரியணும்?"

மெஹருன்னிசா கடிதத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஆய்வகக் கருவியின் பக்கம் போனார்.

கண்ணாடிக் குழாய்க்குள் கொழுப்புப் படலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருப்பது இந்த மாதிரிப் படலம்தான். இரண்டு படலங்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர். அந்த இடைவெளியைக் கருவி அளந்து திரையில் காட்டும்.

"குளிர வைங்க."

ஒரு டிகிரி குறைத்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அளவு பொய் சொல்லும். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து நாலுக்குக் கீழே இறங்கியதும் இடைவெளி சுருங்கியது.

"என்ன ஆச்சு?"

"ஒட்டிக்கிச்சு, மேடம்."

"இழுக்கிற விசை கூடிடுச்சா?"

இதற்குத் தங்கதுரை எத்தனையோ கருத்தரங்கில் பதில் சொன்னவர்.

"இல்ல. இழுக்கிறது எப்பவும் இருக்கிறதுதான். சூட்டுல படலம் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒண்ணு நெளியறப்ப அடுத்ததுக்கு இடம் பத்தாது, அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளும். குளிர்ந்தா விறைச்சுடும். நெளிவு நின்னுடும். தள்ளுறதுக்கு ஒண்ணும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உங்க வீட்டுல கடைசியா எப்ப சண்டை நடந்துச்சு?"

"பையனுக்குக் காய்ச்சல் வந்தப்ப. அவ ஒரு டாக்டர் பேரைச் சொன்னா. நான் வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கல, மேடம். பெரிய மனசுன்னு நினைச்சேன்."

பாவம், மனிதர் அதை உண்மையாகவே நம்பியிருந்தார்.

"அந்த டாக்டர் பேர் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"இன்னிக்கு வீட்டுக்குப் போய் அந்தப் பேரை அவங்ககிட்ட சொல்லுங்க. நீ சொன்னதைக் கேக்காம விட்டேன்னு சொல்லுங்க."

"ஐயோ. என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

மெஹருன்னிசா விடுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினார்.

"பண்ணினாங்கன்னா நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. 'பரவாயில்ல, விடுங்க'ன்னு சொன்னாங்கன்னா, போட்டுடுங்க."