விலாவில் வளராத முடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற மூன்று பேரும் நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். மூன்று பேருமே தப்புச் செய்தார்கள். கடைசியில் உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்கப்போகிறேன், அதனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

பாளையங்கோட்டையை ஒட்டி ஒரு நாய்க் காப்பகம். அங்கே நாய்களைத் தத்தெடுத்துப் போகிறவர்களின் விவரங்களைப் பார்த்துக்கொள்பவள் ஜெபராணி. யார், எந்தத் தெரு, நாய் இப்போது எப்படி இருக்கிறது, எல்லாம் அவள் பொறுப்பு. நாயைக் கொண்டுபோனவர்கள் மாதம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். வந்ததும் கம்ப்யூட்டரில் அவர்கள் பெயருக்கு நேரே 'நலம்' என்று போடுவாள். வராவிட்டால் போன் போட்டுத் துளைத்து எடுத்துவிடுவாள். இந்தக் கண்டிப்பில் அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தனியார் பஸ் ஓட்டும் ஆவுடையப்பன் செம்பி என்ற செம்பட்டைப் பெண் நாயைக் கொண்டுபோனபோது, அதற்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வலது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழித்திருந்தார்கள்.

"இது எப்ப மேடம் வளரும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசத்துல இருந்த இடம் தெரியாமப் போயிரும் அண்ணாச்சி" என்றாள் ஜெபராணி.

அதன்பிறகு மாதாமாதம் அவரிடமிருந்து போட்டோ டாண் என்று வந்தது. ஒரு மாதம் செம்பி கட்டிலுக்கு அடியில், ஒரு மாதம் வாசல்படியில், ஒரு மாதம் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில். ஜெபராணி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு 'நலம்' என்று பதிந்தாள்.

நாலைந்து மாதம் கழித்து, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எலும்பும் தோலுமாகக் கிடந்த ஒரு பெண் நாயை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். சொறி பிடித்து, உடம்பில் முடியே இல்லை. டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்தார்.

"ஆபரேஷன் ஆன தழும்பு இருக்கே. நம்மகிட்ட இருந்து போன நாயான்னு பாருங்க."

ஜெபராணி நாற்காலியைவிட்டு எழவில்லை. "நம்ம நாய் எல்லாம் அதது வீட்டுல நல்லா இருக்கு டாக்டர். போட்டோ வந்துக்கிட்டே இருக்கு" என்றாள்.

மருந்து போட்டு, சொறி ஆறி, முடி வளர்ந்தபோது நாய் செம்பு நிறத்தில் இருந்தது. அவளுக்குள் ஒரு சின்ன உறுத்தல். செம்பட்டை நாய்க்கு ஊரில் பஞ்சமா என்று அதை அப்படியே தள்ளிவிட்டாள். கணவரை இழந்து தனியாக இருந்த கோமதி அந்த நாயைக் கொண்டுபோய், பொம்மி என்று பெயர் வைத்து வளர்த்தார்.

வருஷம் முடிந்தது. தத்தெடுத்தவர்கள் கூட்டத்தில், தவறாமல் போட்டோ அனுப்பிய ஒருவருக்குச் சால்வை போர்த்தலாம் என்று காப்பகத்தில் முடிவு செய்தார்கள். யாருக்கு என்று ஜெபராணி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆவுடையப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

மறுநாளே அவர் தனியாக வந்தார். காக்கிச் சட்டையோடு, தலையை நிமிர்த்தாமல் நின்றார்.

"சால்வை வேண்டாம் மேடம். செம்பி எங்கிட்ட இல்ல. ரெண்டாவது வாரமே கேட்டைச் சரியாச் சாத்தாமப் போயிட்டேன், ஓடிருச்சு. நீங்க போட்டோ கேக்கும்போது சொல்ல வாய் வரல. முதல் வாரம் எடுத்து வச்சிருந்ததையே ஒண்ணொண்ணா அனுப்பினேன். போன்ல படத்தைக் காட்டி வீடு வீடாக் கேட்டுட்டேன். தேடாத தெரு இல்ல."

அவர் போனபின் ஜெபராணி அத்தனை படங்களையும் திறந்தாள். கட்டிலடி, வாசல்படி, குடத்துப் பக்கம். எல்லாவற்றிலும் வலது விலாவில் அதே மழித்த இடம், பூனைமுடிகூட முளைக்காமல். ரெண்டு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று சொன்னதே அவள்தான். ஒரு வருஷமாகக் கண்ணெதிரே இருந்ததை அவள் பார்க்கவே இல்லை. முகம் எரிந்தது. பக்கத்து மேஜையில் இருந்தவரை நிமிர்ந்து பார்க்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் தடவிப் பார்த்த தழும்பு நினைவுக்கு வர, நேரே கோமதி வீட்டுக்குப் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் கோமதியே கேட்டார்.

"பஸ் டிரைவர் ஒருத்தர் அங்க வந்தாரா?"

ஜெபராணி தலையாட்டினாள்.

"என்கிட்டயும் வந்தாரு. போன்ல படத்தைக் காட்டி, இதைப் பாத்தீங்களான்னு கேட்டாரு. எனக்குப் பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. பொம்மி அப்பப் பின்னால தூங்கிட்டு இருந்துச்சு. பாக்கலையேன்னு சொல்லிட்டேன். குடிக்கத் தண்ணி கேட்டாரு, கொடுத்தேன். அவர் நின்னு தண்ணி குடிச்சது இன்னமும் கண்ணுக்குள்ளயே நிக்கு" என்றார் கோமதி.

பொம்மி வந்து ஜெபராணியின் கையை நக்கியது. விலாவில் முடி நன்றாக வளர்ந்திருந்தது.

இனி நீங்கள் சொல்லுங்கள். ஆவுடையப்பன் பழைய படத்தை அனுப்பி ஏமாற்றினார். கோமதி நாயை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே பார்க்கவில்லை என்றார். ஜெபராணி தெரிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. இந்த மூவரில் பெரிய தப்பு யாருடையது? நாய் யாரிடம் இருக்க வேண்டும்?

விடை: பெரிய தப்பு ஜெபராணியுடையதுதான். பொய் சொன்ன இருவருக்கும் உள்ளுக்குள் கூசியது. அதனால்தான் ஒருவர் தானாக வந்து சொன்னார், இன்னொருவர் கேட்குமுன்னே சொன்னார். அவளுக்கு மட்டும் ஒரு வருஷமாக எதுவும் கூசவில்லை. ஒரே ஒரு தடவை அந்த விலாவைப் பார்த்திருந்தால் ஒருவர் பொய் அப்போதே நின்றிருக்கும், இன்னொருவர் பொய்க்கு இடமே இருந்திருக்காது. நாய் கோமதியிடமே இருக்கிறது. ஜெபராணி முதலில் தன் தப்பைச் சொல்லி, அப்புறம் நாய் இருக்கும் இடத்தைச் சொன்னபோது, "அங்கயே இருக்கட்டும் மேடம், எனக்கு மாசம் ஒரு போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன். கோமதி அனுப்புகிறார். ஜெபராணி அதைப் பெரிதாக்கி, விலாவைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அனுப்பிவைக்கிறாள்.