அம்மாவுக்குத் தெரிஞ்ச பட்டு

ஒரு ஊர்ல ஒரு படம் வரையறவ இருந்தாளாம், தில்லைநாயகின்னு. மூக்கு என் மூக்கு மாதிரியே பெருசு. தலைக்கனம் அதைவிடப் பெருசு. ம் சொல்லு.

அவளோட அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வந்துச்சு. பளிச்சுன்னு இருந்தாத்தான் எதுவும் தெரியும். "கல்யாணத்தன்னிக்கு சந்தனப் பட்டு கட்டியிருந்தேன்டி. போட்டோ கூட எடுக்கல. பார்வை போறதுக்குள்ள அந்தப் பட்டுல என்னை ஒருதடவை பாத்துடணும்"னா அம்மா.

"இவ்ளோதானே"ன்னு வாட்டர் கலரோட உக்காந்தா நம்மாளு. பட்டு மின்னணுமேன்னு வெள்ளைப் பெயிண்ட்டை அப்பு அப்புன்னு அப்பினா. அம்மா கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, "சுண்ணாம்பு அடிச்ச தூணாடி இது?"ன்னா.

அப்புறம் மஞ்சளைக் கொட்டினா. "யாரோ சாம்பார்ல விழுந்திருக்கா பாவம்"னா அம்மா.

அப்புறம் ஜிகினாத்தூள். வீட்டுப் பூனை வந்து தாளு மேல சொகமா உருண்டுச்சு. படம் மங்கிப் போச்சு, பூனை ஜிகுஜிகுன்னு தெருவுல போச்சு. "நம்ம பூனை நல்லாத் தெரியுதுடி"ன்னா அம்மா. சிரிக்காதே, தில்லைநாயகி அன்னிக்கு அழுதா. ம்?

அந்த ஊர்ச் சத்திரத்துல ஒரு படம் தொங்கும். எப்பவோ செத்துப்போன பெரிய ஓவியர் வாட்டர் கலர்ல வரைஞ்சது. பட்டு கட்டின ஒரு பொண்ணு, உள்ள விளக்கு ஏத்தின மாதிரி இருப்பா. 'எனக்குத் தெரியாததா'ன்னு அதை ஏறிட்டும் பாக்காதவ, இப்போ போய் நின்னா. கிட்டக் கிட்டப் போனா, கண்ணாடியில மூக்கு டங்குன்னு இடிச்சுது.

அப்போதான் தெரிஞ்சுது. பட்டு மின்னுற இடத்துல பெயிண்டே இல்ல, வெறும் வெள்ளைத் தாளு. அந்த மனுஷன் மடிப்போட நிழலை மட்டும் லேசாத் தீட்டிட்டு, மிச்சத்தைத் தொடாம விட்டிருக்காரு.

வீட்டுக்கு ஓடினா. நிழலை மட்டும் தீட்டினா. வெளிச்சம் வர்ற இடத்துக்குத் தூரிகை போறப்பல்லாம் கையைக் கையால பிடிச்சுக்கிட்டா.

அம்மா படத்தை ஜன்னல்கிட்டக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பாத்தா. "நான்தான்டி இது. நல்லாத்தான் இருந்திருக்கேன்"னு அழுதா. அப்புறம் தோள்பட்டையில வெறும் தாளா இருந்த இடத்தைத் தடவி, "இந்த எடத்துலதான் ரொம்பப் பாடுபட்டிருக்கே, இல்ல?"ன்னா.

"ஆமாம்மா, முதுகே ஒடிஞ்சுபோச்சு"ன்னா தில்லைநாயகி, கூச்சமே இல்லாம.

ம்? என்ன, அது நான்தானான்னா கேக்கறே? தாளும் காஞ்சுது, கதையும் காஞ்சுது, கண்ணை மூடு.