தலைவர் மெத்தை

பழங்காசு சேர்ப்பவர்கள் கூடும் எங்கள் ஊர் நாணயச் சங்கத்தில் அந்தக் காலத்தில் இருந்தது ஒரே ஒரு வெல்வெட் மெத்தை. அது தலைவர் பெரியணனின் நாற்காலியில் கிடக்கும். வேறு யாராவது தொட்டால், "அது தலைவருக்கு மட்டும்தான்!" என்று கத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர், ஒரு பக்கம் ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபாயை எல்லோருக்கும் காட்டக் கொண்டுவந்தார். மேஜையோ கடப்பாக்கல். சங்கத்தைப் பெருக்கித் துடைக்கும் சிலம்பாயியைக் கூப்பிட்டு அதட்டினார்.

"யார் கை தவறிக் கீழே போட்டாலும் காசுல கீறல் விழக்கூடாது. மெத்துன்னு ஏதாவது விரி. துண்டு கிண்டெல்லாம் ஆகாது, கடைக்கும் போகக்கூடாது. கீறல் விழுந்துச்சு, உனக்கு நாளையிலேர்ந்து வேலை இல்லை!"

சிலம்பாயி நாற்காலி மெத்தையை உருவி மேஜையில் போட்டு, ரூபாயை அதன்மேல் வைத்தாள்.

"ஏய், அது தலைவருக்குன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அதான் ஐயா வச்சேன். தலை இந்தக் காசுலதானே இருக்கு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் வெடுக்கென்று காசைப் புரட்டி வைத்தார். "இப்போ பூ! இப்போ என்ன சொல்றே?"

"பூவுன்னா இன்னும் மெத்துன்னுல்ல வைக்கணும், ஐயா!"

இன்று அந்தச் சங்கமும் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் இல்லை. ஆனால் இருந்தவரைக்கும் காசுக்கு மெத்தை, தலைவருக்கு வெறும் பலகை.